கிழக்குக் கரை தாங்கும்

இந்த வயதிலும் நானேதான் சவரம் செய்துகொள்கிறேன். கை நடுங்குவதில்லை. ஆர்கன்சா மாநிலச் செனட்டில் நெடுங்காலம் இருந்தேன். பிறகு இந்த மாவட்டத்துக்கு நீதிபதி. இரண்டுக்கும் நிதானம் வேண்டும்.

அந்த வசந்தத்தில் ஆறு கரையின் விளிம்பைத் தொட்டு ஓடியது. மேற்கே எங்கள் நகரம்: கடைகள், பள்ளிக்கூடம், ஓட்டுகள். கிழக்கே பருத்திக் காடும் குத்தகைக்காரர்களின் மர வீடுகளும். ஏதாவது ஒரு கரை உடையத்தான் போகிறது. எது என்பதை ஆற்றிடம் விட்டுவிடுவது பொறுப்பில்லாத செயலாக எனக்குப் பட்டது.

கிழக்கே குடியிருந்த ஆன்சல் குட்லோ எனக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவன். மழையில் நனைந்தபடி வந்தான்.

“செனட்டரய்யா, மூட்டை கட்டிரலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. எம் பொண்டாட்டி வெர்டி கைப்புள்ளையோட எங்கய்யா போவா? நீங்க சொல்றபடி செய்றேன்.”

“கரை தாங்கும் ஆன்சல். வீட்டுக்குப் போ. மத்தவங்களுக்கும் சொல்லு.”

அவர்கள் கிளம்பினால் சந்தேகம் வரும். கரைக்குக் காவல் போடுவார்கள். விடிகாலையில் கிழக்குக் கரையில் டைனமைட்டை நானே கொண்டுபோய் வைத்தேன். இன்னொருவர் மனசாட்சிமேல் அதைச் சுமத்த எனக்கு மனமில்லை.

நகரத்தில் ஒரு வாசல்படிகூட நனையவில்லை. இலையுதிர் காலத்தில் அந்த நகரம் என்னை நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

ஆன்சல் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்ததால் பிழைத்தான். வெர்டி குழந்தையோடு மச்சில் ஏறியிருக்கிறாள். கூரையைப் பிளக்கக் கையில் கோடரி இல்லை. வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தாளாம்.

யாரையாவது தண்டித்தாக வேண்டியிருந்தது. நிலக்காரரோடு ஆன்சலுக்குத் தகராறு இருந்தது. மரங்களின் அடிக்கட்டைகளைப் பெயர்க்க வாங்கிய டைனமைட்டும் அவனிடம் இருந்தது. வழக்கு என்னிடம் வந்தது.

“ஜட்ஜய்யா, பொண்டாட்டி புள்ளைய உள்ள வெச்சுக்கிட்டு எவனாச்சும் கரைய உடைப்பானா? தாங்கும்னு நீங்கதானய்யா சொன்னீங்க. அத மட்டும் இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

விசாரிக்கும் நீதிபதி அதே வழக்கில் சாட்சி சொல்லக் கூடாது. பொறுமையாக அவனுக்கு விளக்கினேன். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். தூக்குத் தண்டனையை வாசிக்கையில் தலைக்கு மேலே, நீதிமன்றக் கூரைப் பலகைகளுக்குப் பின்னால், யாரோ தட்டினார்கள். வாசித்து முடித்த பின்னும் அது நிற்கவில்லை. பலகைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். காய்ந்த தூசிதான் கொட்டியது. தச்சர் ஏணியிலிருந்து இறங்கியதும் மறுபடி தட்டல். இந்த அறையிலும் கேட்கிறது. நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்குக் கேட்கவில்லை, தெரியும்.

தூக்குமேடைக்குப் போகும் முன் ஆன்சல் என்னைப் பார்க்க விரும்பினான். போனேன்.

“கடைசீல சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்யா,” என்றான். குரலில் கோபமே இல்லை.

கரையை உடைத்தது நான். உடையப்போவது தெரிந்தே அவர்களை வீட்டில் இருக்கச் சொன்னதும், அந்தப் பழியில் அவனைத் தூக்குக்கு அனுப்பியதும் நானேதான். எதையும் மறுக்கவில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அந்தத் தீர்ப்பில் சட்டப் பிழை ஒன்றுகூட இல்லை. மேல்நீதிமன்றமே பாராட்டியது.