வெறும் வயிற்றில்

ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த அந்த மாத்திரை டப்பாவை வாங்கிக் கொடுத்தது நான்தான் டாக்டர். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நன்றாக ஓடுகிற சாமான். பிள்ளை பெற்ற தம்பி மனைவிக்கு ஒரு நாத்தனார் செய்யக்கூடிய சின்ன உதவி.

அவளுக்குத் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் எழுதியிருந்தார்கள். மூன்றையும் ஒரே அறையில் போட்டேன். காலையில் அவள் கண் விழித்ததும் ஒரு டம்ளர் சூடான பாலோடு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு தூசுகூட நான் சேர்க்கவில்லை.

ஆமாம், தெரியும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். பாலும் இரும்பும் கால்சியமும் கூடவே போனால் அது உடம்பில் சரியாகச் சேராது. பதினோரு வருடமாகக் கடையில் தினம் பத்துப் பேருக்காவது சொல்கிறேன். வீட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

அவளுக்கு வாய்த்துடுக்கு அதிகம். சாப்பாட்டு மேஜையில் தம்பியிடம், "உங்க அக்கா பல்லைப் பல் டாக்டர் மட்டும்தான் பாத்திருப்பாரு" என்பாள். அவனும் சிரிப்பான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். அந்தச் சிரிப்பையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்கினேன். "அண்ணி, புள்ளைய இப்படிக் குடுங்க. உங்க மேல மருந்து நாத்தம். போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றாள். குளித்துவிட்டு வந்தால் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. மறுநாள்தான் டப்பாவை வாங்கினேன்.

டப்பா வாங்கிய மூன்றாம் மாதம் அவள் பேச்சு குறைந்தது. குரல் கட்டிக்கொண்டது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கொளுத்துகிற வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அழுவாள். "அண்ணி, எனக்கு என்னமோ ஆகுது. மண்டைக்குள்ள புகை அடைச்ச மாதிரி இருக்கு" என்று என் கையைப் பிடித்தாள். "எல்லாம் மனசுதாம்மா. பாலைக் குடி" என்றேன். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று தம்பி கேட்டான். "மாத்திரைய தினமும் என் கையாலதானடா குடுக்கறேன்? இது மனநல டாக்டர் பாக்க வேண்டிய விஷயம்" என்றேன். மருந்து விஷயத்தில் அவன் என்னை மீறிப் பேச மாட்டான்.

உங்கள் மனநல வார்டுக்கு வந்த ஆறு வாரத்தில் தேறிவிட்டாளாமே. விடிந்ததும் நர்ஸ் அந்த மாத்திரையை வெறும் தண்ணீரோடு கொடுக்கிறாராம். நல்லது. ஆனால் குழந்தையை அவளிடம் விடுவது சரியா என்று யோசியுங்கள். வீடியோவை நீங்களும் பார்த்தீர்கள். குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் இடுப்பு, மார்பு, கழுத்து என்று ஏறுகிறது. அதைப் பார்த்துத்தான் தம்பி அவளை இங்கே சேர்க்கக் கையெழுத்துப் போட்டான்.

எடுத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். குளியலறை வாசலில் நின்று எடுத்தேன். மூன்று நிமிடம். முகவாயைத் தண்ணீர் தொட்டதும் குழந்தை என்னைப் பார்த்துக் கை நீட்டியது. பாதியில் நிறுத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள். வாய் வரை வரட்டும் என்று இருந்தேன். பிறகுதான் தூக்கினேன்.

அந்த வீட்டில் அந்தக் குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பது நான் ஒருத்திதான் டாக்டர்.