மெல்லிசான நாலு ஸ்வரம்

ராதிம்: கதவைத் திற, யித்கா. உங்கம்மா கொலாச் பன் டப்பாவும் கையுமா வெளியே நிக்கிறாங்க.

யித்கா: வந்துடறேன்னு சொல்லு.

ராதிம்: சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ரெண்டு கொலாச் தின்னாச்சு, கசகசா வச்சது. இனியும் திறக்கலேன்னா மிச்சமும் காலி.

யித்கா: ...வா. கதவைச் சாத்து.

ராதிம்: அழுதியா?

யித்கா: பஸூன் குழலைத் துடைச்சிட்டிருந்தேன்.

ராதிம்: கண்ணு சிவக்கிற அளவுக்கா? இந்தா, பூ. நம்ம ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் கொடுக்கச் சொன்னார்.

யித்கா: நீயே வச்சுக்க. உனக்குச் சேர வேண்டியது.

ராதிம்: எனக்கா? உன்னைத்தானே எழுப்பி நிக்க வச்சுக் கைதட்டினாங்க.

யித்கா: அதான்டா... வெட்கங்கெட்டுப் போய் நின்னேன் பாரு. தலையை வேற குனிஞ்சேன்.

ராதிம்: விடு...

யித்கா: எப்படி விடறது? சிம்ஃபனியில அந்தப் பகுதி அடங்கறப்போ வர்ற கடைசி நாலு ஸ்வரத்தை எல்லா ஊர்லயும் உன் பேஸ் கிளாரினெட்டுக்குத் தள்ளிடுவாங்க. பஸூன் அவ்வளவு மெல்லிசாப் பேசாதுன்னு. நான்தான் குதிச்சேன், பஸூனுக்கு எழுதினதை பஸூன்தான் ஊதணும்னு.

ராதிம்: ஒத்திகையில நல்லாத்தானே ஊதினே.

யித்கா: இன்னிக்கு மூச்சே போகல. விரல் மட்டும் ஓடுச்சு. காது ரெண்டும் அடைச்சுப்போச்சு, ஒண்ணும் கேக்கல... நல்லவேளை, பக்கத்துல நீ இருந்தே.

ராதிம்: ம்...

யித்கா: மேடையேறும்போது உன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேனே, நான் நின்னுட்டா நீ எடுத்து ஊதிடுன்னு. என்னைக் காப்பாத்திட்டே.

ராதிம்: அதெல்லாம்... உங்கம்மா அழுதுட்டாங்க தெரியுமா? இவ்வளவு மெல்லிசான சத்தத்தைக் கேட்டதே இல்லியாம்.

யித்கா: கேட்டது உன் சத்தம். இப்ப ‘என் பொண்ணு, என் பொண்ணு’ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருப்பாங்க. நகரு, கண்டக்டர்கிட்ட போகணும்.

ராதிம்: எதுக்கு?

யித்கா: ஊதினது ராதிம்னு சொல்லத்தான். நாளைக்கும் அவனே ஊதட்டும்னு சொல்லத்தான்.

ராதிம்: ஐயோ, வேணாம்!

யித்கா: என் மானம் போயிடும்னு பாக்கறியா?

ராதிம்: உன்னோடது இல்ல...

யித்கா: பின்ன யாரோடது? வழியை விடுடா.

ராதிம்: நில்லு, யித்கா... இதோ மூச்சு எடுத்துடுவே, இதோ எடுத்துடுவேன்னு உன் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்... நானும் ஊதல.