பொது போர்வெல்லில் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கியது குறித்து

பெயர் செல்வகுமாரி, வயது 43, கணவர் பெயர் தணிகைவேல், கரிக்கலாம்பாக்கம், மாரியம்மன் கோயில் தெரு.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து நெல் பயிரிட்டு வருகிறேன். என்மீது புகார் கொடுத்துள்ள முத்துக்குமரன் என் கணவரின் தம்பி. அவர் கழனி மேட்டிலும் எங்கள் கழனி அதை ஒட்டிய பள்ளத்திலும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே போர்வெல். முறை வைத்துப் பாய்ச்சுவோம். இந்தப் பட்டம் அவர் பிந்தி நட்டதால் அவர் பயிர் இன்னும் பச்சை. எங்களுடையது முற்றிவிட்டது. அறுவடை மெஷின் இறங்குவதற்காகத் தண்ணீரை வடித்துக் காயவிட்டிருந்தேன்.

முத்துக்குமரன், கரெண்ட் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு, வில்லியனூரில் உள்ள தன் உரக்கடைக்குப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான். அவர் கழனி நிரம்பி, வரப்பு வழிந்து, தண்ணீர் என் கழனியில் இறங்கியது. அதன் பிறகு நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "கரெண்ட்டு சும்மாதான அண்ணி வருது, ஓடுனா இன்னா?" என்றார். "தண்ணியும் சும்மாவா வருது? போன கோடையில எட்டலன்னு மோட்டார இன்னும் கீழ எறக்குனோமே, மறந்துட்டியா?" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு என் கணவரிடம் முறையிட்டேன். தம்பி என்றால் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொள்கிற மனிதர் அவர்.

அதன் பிறகு நானே வரப்பை வெட்டி வடித்தேன். வடிக்க வடிக்க வந்துகொண்டே இருந்தது. நேற்று காலை மெஷின் வந்தது. டிரைவர் கழனியில் வைத்த கால் சேற்றில் இறங்கியது. மெஷின் புதைந்துவிடும் என்று சொல்லித் திருப்பிக்கொண்டு பாகூர் போய்விட்டார். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், நெல் முளை விட்டிருந்தது. அதன் பிறகுதான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கோபத்தில்தான் செய்தேன். பெட்டியை உடைக்கவில்லை, சாவி எங்கள் வீட்டிலும் உண்டு.

ஃபியூஸ் கட்டைகளை இந்தக் காவல் நிலையத்திலேயே ஒப்படைக்கிறேன். மன்னிப்பு எழுதித் தர மாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முத்துக்குமரன், நான் உள்ளே வரும்போது, "கட்டைய நீயே வச்சிக்க அண்ணி, நான் கட்டைக்குப் பதிலா கம்பி சுத்தி ஆட்டோல போட்டுட்டுதான் வந்தேன்" என்றார். அப்போது கரெண்ட் இல்லை. இப்போது என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. மோட்டாரை நிறுத்தக் கழனியில் ஆள் யாரும் இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. சீக்கிரம் என்னை அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) த. செல்வகுமாரி