திருப்புளி விழுந்ததைப் பார்த்தவர்

— என் பையில கை வச்சியா நீ?

— உங்க பையில என்ன இருக்கு, நட்டும் போல்ட்டும். நான் எதுக்குக் கை வைக்கறேன்?

— அப்ப இந்தத் தாள்? லிஃப்ட் விபத்துக்கு நான் ஆபீஸ்ல எழுதிக் குடுத்த அறிக்கை. இது எப்படி உன் நோட்டுக்குள்ள வந்துச்சு?

— ஜெராக்ஸுங்க அது. மாலைக் கல்லூரியில பாடம் நடத்தறாங்கல்ல, அதுக்கு...

— என் அறிக்கையையா நடத்தறாங்க!

— இந்த வருஷம் கதை, கவிதை கிடையாது. நடந்ததை எழுதறதுதான் பாடம். டயரி, கடிதம், பயணக் கட்டுரை, வாக்குமூலம்...

— வாக்குமூலமா?

— ஏன், தூக்கிவாரிப் போடுது? அதையும் இலக்கியமாப் படிக்கலாமாம். ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்து வாசிக்கணும்.

— உலகத்துல வேற எழுத்தே கிடைக்கலையா உனக்கு? யாரு குடுத்தா இதை?

— சொல்றேன், முதல்ல உக்காருங்க. எவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க தெரியுமா? கம்பெனியில சும்மாவா புலவர்னு கூப்பிடறாங்க!

— அட... புருஷனைக் கிண்டல் பண்ணாத.

— சத்தியமா. இந்த இடம் பாருங்க. "மேசை மேலிருந்த திருப்புளி இரண்டு முறை உருண்டது. விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு விழுந்தது. அப்போதுதான் அந்தப் பெண்ணின் அலறல் கேட்டது." ஒரு ஸ்க்ரூ டிரைவர் விழுந்ததுக்கு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

— ம்... அந்தத் 'தயங்கியது' போட அரை மணி நேரம் யோசிச்சேன்.

— அதான் தெரியுதே. எங்க வாத்தியார் எதைப் படிச்சாலும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. "சொல்றவன் எங்க நின்னு பாக்கறான்?"

— எங்க நிப்பான்? அவன் இருக்கற எடத்துல.

— நீங்க எங்க இருந்தீங்க?

— முதல் வரியிலேயே இருக்கே, கீழ டீக்கடையில. மேல மோட்டார் ரூம்ல என்கூட ரிப்பேருக்கு வந்த ஒல்லி மட்டும்தான். மெயினை அணைக்காம பிரேக்குல கை வச்சான், லிஃப்ட் அரை மாடி இறங்கிடுச்சு. உள்ள இருந்த அம்மாவுக்குக் கால் முறிஞ்சுது. எத்தனை வாட்டி சொல்றது?

— டீக்கடை தரையில. மோட்டார் ரூம் அஞ்சு மாடிக்கு மேல.

— அதுக்கு?

— திருப்புளி தயங்கினதை யாரு பாத்தா?

— ...ஒல்லி சொன்னான்.

— ஒல்லியண்ணனா? அவரு வாயில நாலு வார்த்தை சேந்தாப்புல வந்தா அதிசயம். "விழுந்துச்சு"ன்னுவாரு, துண்டை உதறிட்டுப் போயிடுவாரு. திருப்புளி தயங்குச்சுன்னு சொல்ற ஆளா அவரு?

— கொஞ்சம் சேத்து எழுதினேன். உங்க இலக்கியத்துல சேக்கறதே இல்லையாக்கும்?

— கதையில சேக்கலாம். இது, நடந்ததுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது.

— ஒல்லியும்தான் போட்டிருக்கான். ரெண்டு பேரு ரிப்பேருக்குப் போனா ஒரே அறிக்கை, ரெண்டு கையெழுத்து. நல்லாப் பாரு!

— படிச்சுப் பாத்தா போட்டாரு?

— எப்பவும் நான்தான் எழுதுவேன். அவன் படிக்க மாட்டான். பத்து வருஷமா அப்படித்தான். "நீ எழுதினா சரியா இருக்கும்டா"ம்பான்.

— அடப்பாவி...

— யாரைச் சொல்ற?

— யாரைச் சொல்வேன்! நான் மேலயே இல்லைன்னு அந்த மனுஷன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாராம். உன் கையெழுத்துதானேன்னு வாயை அடைச்சுட்டாங்களாம். திங்கக்கிழமை விசாரணை. அதோட வேலை போச்சு. அன்னைக்கு அவரு எதுக்குங்க கீழ போனாரு?

— டீ வாங்க.

— உங்களுக்கும் சேத்து.

— ...எனக்கும் சேத்துதான். இப்ப என்னங்கற? எனக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை. மூணாவதுன்னா நேரா வீட்டுக்கு. அவனுக்கு இதான் முதல் தடவை, திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். சத்தியமா இவ்வளவு தூரம் வரும்னு...

— வந்துடுச்சே.

— உங்க வகுப்புல இதை வாசிச்சுட்டியா?

— நாளைக்குத்தான்.

— அங்க யாரு யாரு இருக்காங்க?

— பத்துப் பேரு. எல்லாம் வேலைக்குப் போற பொம்பளைங்க. நீங்க பேச்சை மாத்தாதீங்க.

— நான் உண்மையை எழுதினா நம்ம வீடு என்னாகும், யோசிச்சியா?

— அவரு மட்டும் காத்தைக் குடிச்சா குடும்பம் நடத்தறாரு? எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. அதைவிட வெக்கமா இருக்கு. நம்ம கல்யாணத்துக்குப் பொருளெல்லாம் தூக்கிச் சுமந்தவரு அவரு. அவரு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

— ஒரு வெள்ளைத் தாள் எடு.

— பேனா வேணுமா?

— குடு.

— மெதுவா எழுதுங்க.

— "மோட்டார் அறையில் நான் மட்டுமே இருந்தேன். மெயினை அணைக்காமல் பிரேக்கைத் தொட்டவன் நான்." ...போதுமா?

— திருப்புளி?

— அதுவும் இதுல இருக்கட்டும். அந்த அறிக்கையில அது ஒண்ணுதான் உண்மை.

— கையெழுத்து... தேதியும் போட்டுடுங்க.

— போட்டாச்சு. இப்பவாவது சொல்லு. ஒரு காப்பி ஆபீஸ் பீரோவுல பூட்டி இருக்கு. இன்னொண்ணு விசாரணைக்காக ஒல்லிகிட்ட குடுத்தது. இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?

— வகுப்புல எனக்குப் பக்கத்துல உக்கார்றது ஒல்லியண்ணன் பொண்டாட்டிங்க. அந்தத் திருப்புளி வரி இடிக்குதுன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான், நாளைக்கு வாசிக்கப் போறதும் அவங்கதான்... "ஒரு தடவை உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு"ன்னு கெஞ்சினாங்க. கீழ படிக்கட்டுல உக்காந்திருக்காங்க, நீங்க இப்ப எழுதின தாளைக் குடுங்க.