இதயம் போட்ட பிஸ்கட்

அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். எனக்கு முன் பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரரும், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஒருவரும் காத்திருந்தார்கள். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தினமும் ஒன்றாக நடப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அடையாள அட்டைக்காரர் சொன்னார்:

"இன்னிக்கு இட்லியே தொடலண்ணே. இந்த பிஸ்கட்டைத்தான் ஒரு பாக்கெட் முழுசா சாப்பிட்டேன். இந்தத் தடவையும் சுகர் குறையலன்னா இன்சுலின் ஊசிதான்னுட்டார் டாக்டர்."

"ஒரு பாக்கெட்டா?"

"சர்க்கரை சேர்க்காததுண்ணே. பாருங்க, கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"பின்னாடி பொடி எழுத்துல இன்னா போட்டுகீறான்? படி சார்."

"மைதா... வெல்லம்... பேரீச்சம்பழப் பாகு."

"கரெக்ட்டு. சக்கர வரல. அதோட சொந்தக்காரங்கதான் குடும்பத்தோட வந்துகீறாங்க."

"ஓட்ஸும் இருக்குண்ணே."

"எவ்ளோ?"

"நூத்துக்கு... மூணு."

"அந்த மூணுக்கா பாக்கெட்டு பூரா வயக்காட்டு படம் போட்டுகீறான்?"

"இதயம் படம்கூட இருக்கே!"

"என் ஆட்டோ பின்னாலகூட இதயம் படம் கீது சார். அதுக்கோசரம் பிரேக்கு புடிக்குதா?"

உள்ளேயிருந்து அடையாள அட்டைக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, காலி பாக்கெட்டைக் குப்பைக் கூடையில் போடப் போனார்.

"போடாத சார், உள்ள எடுத்துகினு போ. உன் ரத்தம் இத்த இன்னும் படிக்கல."