எந்த ஞாயித்துக்கிழமை சொகமாச்சு

அந்த மரச்சீனிக் கெழங்க இங்க தள்ளுங்கக்கா, தோலிய நான் உரிச்சிருவேன். ஒங்க நகம் போயிரும். ஆபீசுல கம்ப்யூட்டர் தட்டுத கையில்லியா. சும்மா சொன்னேன்க்கா, கோவப்படாதீங்க.

உள்ள சத்தம் கேக்குதா? சண்டையொண்ணும் இல்ல. ஆராதனையாக்கும்.

நீங்க வந்து ஒரு மாசந்தானே ஆச்சு, போகப்போகத் தெரியும். நம்ம கூட்டத்துல பாஸ்டர் கெடையாது. எல்லாரும் சமம், எல்லாரும் ஊழியம் செய்யலாம். அதாவது எல்லா ஆம்பிளையும். ஆளுக்கொரு ஞாயிறு பிரசங்கம். பொம்பிளைகளுக்கும் பங்கு உண்டு கேட்டீங்களா, இந்தா, மரச்சீனி.

வன்னியராஜ் அண்ணனுக்குச் செங்கச்சூளை. பைபிள்ல எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் அவருக்கு ஒரு செங்கல் கெடச்சிரும். ஞானசிகாமணி மாமா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயரானவரு. ஒவ்வொரு வசனத்துலயும் நிறுத்தி, ஆளு ஏறியாச்சான்னு பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாரு. எனக்க வீட்டுக்காரரு ரசலையன் பேசினா பாதியில அழுதிருவாரு. அழுதுட்டே, வீட்டுல விசுவாசமில்லாத ஒராளு இருந்தா பிள்ளைக்கு வலிப்பு வரத்தான் செய்யும்பாரு. வீட்டுல நாங்க மூணு பேருதான். மோளுக்கு ரெண்டு வயசு. அப்ப யாரச் சொல்லுதாருன்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

ஆமா, எனக்க மோளுக்குத்தான் வலிப்பு. இப்ப நின்னாச்சு. அதுலதானே இந்தக் கூத்து. பிரசங்கம் பண்ணுதவருதான் கடைசில பிள்ள தலையில கைவச்சு ஜெபிப்பாரு, அது மொறை. இப்ப யாரு ஜெபிச்சு நின்னுதுன்னு தெரியணுமாம். எனக்க வாரத்துலதான்னு வன்னியராஜ் அண்ணன் ஒத்தக்கால்ல நிக்காரு. மாமா விடுவாரா? ஒரு வாரம் முந்திப் பிந்திப் போனா வரமே கைமாறிப் போயிரும்லா. ரெண்டு பேருக்கும் ஆளு சேந்தாச்சு. தீரலன்னா ஒரு பக்கம் பாலராமபுரத்துல தனிக்கூட்டம் போட்டிருவாவளாம். மொத்தம் இருக்கதே பத்து வீடு.

அதுக்காக்கும் இன்னைக்கு எனக்க சாட்சி. எந்த ஞாயித்துக்கிழமை நின்னுதுன்னு நான் எந்திச்சு சொல்லணும். அங்க நான் வாய் தொறந்ததெல்லாம் பாட்டுக்குத்தான். எனக்க பேரக் கூப்பிட்டதுமே கெழங்கு உரிக்கணும்னு ஓடியாந்துட்டேன்.

என்ன சொல்லப் போறேன்னா?

ஞாயித்துக்கிழமையே இல்லக்கா. வியாழக்கிழமை. அவரு வேலைக்குப் போன பொறவு மோளத் தூக்கிட்டு பஸ் ஏறினேன், பெரியாஸ்பத்திரிக்கு. மருந்து தொடமாட்டோம்னு கூட்டத்துல எல்லாரும் வாக்குக் குடுத்திருக்கோம்லா, அதனால முக்காட்ட மூக்கு வரைக்கும் இழுத்து விட்டேன். மருந்து வாங்குத வரிசையில யாரு நின்னா? நீங்கதான். கவரப் பைக்குள்ள திணிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. பாத்தேன்க்கா. என்ன மருந்துன்னு நான் கேக்கமாட்டேன். எந்திக்காதீங்க, இருங்கக்கா.

சிரப்ப ஒரு நாளும் விடக்கூடாது, விட்டா திரும்ப வரும்னு டாக்டரம்மா சொன்னாவ. இத்தனை நாளும் கஞ்சியில கலந்து ஒப்பேத்தியாச்சு. இனி நடக்காது. அடுத்த வாரத்துல இருந்து மோள ஊர் ஊரா கொண்டு போயி அற்புதம்னு காட்டப் போறாவளாம். அவளும் அப்பனும் மட்டும். நான் வேண்டாமாம், விசுவாசம் பத்தாதாம். அங்க எனக்க பிள்ளைக்கு யாரு மருந்து குடுப்பா? வன்னியராஜ் அண்ணனா?

இந்தா வாறேன் மாமா! கையக் கழுவிட்டு வாறேன்!

அக்கா, சொல்லிரப் போறேன். அவரு அடிச்சாலும் செரி. வியாழக்கிழமைன்னு சொன்னதும் உள்ள மூச்சுச் சத்தம் கூட இருக்காது. அப்ப நீங்க மட்டும், மெதுவா போதும், ஒரே ஒரு ஆமென் சொல்லுங்கக்கா.