கோர்டி கூப்பிட்ட சாயங்காலம்

சாயங்காலம் ஐந்து மணி. அக்டோபர் மாதம், மான்டானா மலை. மரம் ஏற்றும் லாரிகள்கூடக் கைவிட்டுவிட்ட ஒரு மண் ரோடு. ரோடு முடிகிற இடத்தில் ஒரே ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது... சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது. என்னோடு மர ஆலையில் வேலை பார்க்கிற ரஸ்ஸின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் டெல். பொய் சொல்ல வராத மனிதர். சின்னதாக ஒன்று சொன்னாலும் காது சிவந்துவிடும்.

அன்றைக்கு வில் வேட்டைக்குக் கடைசி நாள். பொழுது சாய்ந்து அரை மணி நேரம் ஆனால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான், வில்லைத் தூக்கிப் பரணில் போட வேண்டியது. ஆறு வாரம் நாயாய் அலைந்தும் ஒரு எல்க் மானைக்கூட டெல் வீழ்த்தவில்லை. ஆனால் அவருடைய கவலை மான் இல்லை. கூட வந்திருந்த கோர்டி.

கோர்டி, டெல்லின் அக்கா மார்லிஸுடைய புருஷன். ஏப்ரலில்தான் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் கேட்டால்தானே. நான் சும்மா உட்கார்ந்து மான் குரலில் ஊதப்போகிறேன், வேட்டையாடுவது டெல்தானே என்று ஒரே அடம்.

காலையில் கிளம்பும்போது மார்லிஸ் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், இவர எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கொண்டாந்து என் கையில குடுக்கணும். புரியுதா?"

"சரிக்கா. நான் பாத்துக்கறேன்."

"வேணும்னா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கடி," என்றார் கோர்டி. மார்லிஸ் சிரிக்கவில்லை.

எல்க் வேட்டையை இரண்டு பேராகச் செய்வது இப்படித்தான். ஒருவர் வில்லோடு முன்னால் உட்காருவார். இன்னொருவர் எழுபது தப்படி பின்னால் உட்கார்ந்து, நாக்கில் ஒரு ரப்பர் ஊதலை அடக்கிக்கொண்டு பெட்டை மான் மாதிரிக் கூப்பிடுவார். கொம்பன், அதாவது ஆண் எல்க், அந்தக் குரலைத் தேடி வரும். வில்லோடு இருப்பவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கொம்பன் பதில் கொடுத்துவிட்டால் பிறகு பேச்சு கிடையாது. என்ன ஆனாலும் முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை அசைந்தால் போச்சு, ஆறு வார உழைப்பும் போச்சு.

ஊசி இலை ஃபர் மரம் ஒன்றின் அடியில் கோர்டியை உட்கார வைத்தார் டெல்.

"மச்சான், எந்திரிச்சு நடக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"நடக்க மாட்டேன்டா சாமி. நீ தூங்காம இரு, அது போதும். இன்னிக்கு நான் கூப்பிடற கூப்பிடுல கொம்பன் உன் மடியிலயே வந்து உக்காரும் பாரு மாப்ள."

டெல் மேலே போய் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். பனி பொடிப்பொடியாக விழ ஆரம்பித்தது. தரை வெள்ளையாகிக்கொண்டே வந்தது... பின்னால் சத்தமே இல்லை. கால் மணி. அரை மணி. மச்சானுக்கு என்ன ஆச்சோ. திரும்பலாமா என்று நினைத்தார்.

அப்போது ஒரு குரல். "ம்ம்ம்யூ..."

அப்பாடா என்றிருந்தது டெல்லுக்கு. இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறார், கோர்டி இத்தனை நன்றாகக் கூப்பிட்டதே இல்லை. நிஜப் பெட்டைகூட இப்படி ஏங்காது. உடனே மேலே மேட்டிலிருந்து கொம்பன் பதில் கொடுத்தது. அடித்தொண்டையில் உறுமித் தொடங்கி, விசிலாக ஏறி, இருமலில் முடிந்தது.

"ம்ம்ம்யூ..." மறுபடி கூப்பிட்டது. கிளைகள் முறிந்தன. கிடாய் வாடை மாதிரி மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது. மரங்களுக்கு நடுவே கொம்பு தெரிந்தது. டெல் வில்லை இழுத்தார்.

கொம்பன் முப்பது தப்படியில் வந்து நின்றது. நெஞ்சு இன்னும் மரத்துக்குப் பின்னால். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்.

பின்னால் மறுபடி குரல் கேட்டது. இந்தத் தடவை ஐம்பது தப்படியில்.

சொன்ன பேச்சைக் கேட்காமல் எழுந்து நடக்கிறாரே, பாவி மனுஷன். டெல்லுக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. மேடு ஏறுகிறார்... நெஞ்சு தாங்குமா? ஆனால் கொம்பன் கண்முன்னால் நிற்கிறது. அவர் திரும்பவில்லை.

இருபது தப்படியில் கூப்பிட்டது. பிறகு பத்து. பனியில் கால் பதிகிற சத்தம், பூட்ஸ் சத்தம் இல்லை... மெத்து, மெத்து, மெத்து. வில்லை இழுத்த கை வலித்தது. கொம்பன் டெல்லைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. அதன் பிடரி மயிர் அப்படியே எழுந்து நின்றது.

"ம்ம்ம்யூ..."

காதோரம். அத்தனை பக்கத்தில் ஒருவர் ஊதினால் மூச்சு சுட வேண்டாமா? சுடவில்லை. நனைந்த கம்பளி வாடை மட்டும் வந்தது. கொம்பன் பின்னங்கால் தடுக்கி விழுந்து, எழுந்து, தலைதெறிக்க ஓடியது.

டெல் திரும்பினார். யாரும் இல்லை.

பனியில் கால் தடம் இருந்தது. ஃபர் மரத்திலிருந்து நேராக அவர் முதுகு வரைக்கும். பூட்ஸ் இல்லாமல், வெறும் சாக்ஸோடு நடந்த தடம். திரும்பிப் போன தடம் கிடையாது.

கீழே ஓடினார். கோர்டி வைத்த இடத்திலேயே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இமையில் விழுந்த பனி கரையாமல் இருந்தது. இரண்டு காலிலும் பூட்ஸ், கயிறு இறுக்கிக் கட்டியபடி. சட்டைப் பையின் பொத்தான் போட்டபடி இருந்தது. உள்ளே ஊதல் டப்பா. மூன்று ஊதலும் டப்பாவிலேயே, ஈரம்கூடப் படாமல்.

டெல் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

போனில் சிக்னல் இல்லை. ஆளை அனாதையாக விட்டுப் போக மனசு வரவில்லை. மான் இறைச்சி இழுக்கிற பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் கிடத்தி, ஒரு மைல் இழுத்து வந்தார். முன் சீட்டில் தூக்கி வைக்கப் பார்த்தார், முடியவில்லை. நல்ல கனமான ஆள். பின்னால் தொட்டியில் பலகையோடு ஏற்றி, தார்ப்பாயால் மூடிக் கட்டினார்.

வண்டி நகர்ந்ததும் சத்தம். டிங்... டிங்... டிங்... பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்தச் சத்தம். அந்தச் சீட்டில் வைத்திருந்த தன் பையின் கனம்தான் காரணம் என்று நினைத்து, பையை எடுத்துக் கீழே வைத்தார். நிற்கவில்லை. டிங்... டிங்... பத்து மைல் பொறுத்துப் பார்த்தார். இருட்டு ரோடு, வைப்பரின் கிறீச், இந்தச் சத்தம். கடைசியில் ஓரமாக நிறுத்தினார்.

"பெல்ட்டப் போட்டுக்கங்க மச்சான்."

காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு வீடு வரைக்கும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மார்லிஸ் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். டெல் இறங்கினார். அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைத் தாண்டி, வண்டியின் அந்தப் பக்கம் போய், கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"நல்லவேளை," என்றாள். "ஏன்டா, இறங்காம உக்காந்திருக்காரு? காலெல்லாம் நனைஞ்சிருக்கு பாரு. அவர் பூட்ஸ் எங்கடா?"